அரை மாத்திரை, முழுப் பாதுகாப்பு

என் மனைவிக்கு ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுப்பதற்காக நான் நான்கு நாள் பயிற்சி முடித்து, எழுத்துத் தேர்வில் தேறி, வலது கையை நீட்டி உறுதிமொழி எடுத்தவன். சட்டம் போட்ட சான்றிதழ் வீட்டில் இருக்கிறது. நான் லிஃப்ட் மெக்கானிக். அந்த வேலைக்கே என்னை இரண்டு நாள்தான் பழக்கினார்கள். மூன்றாம் நாள் பதினான்கு மாடிக் கட்டடத்தின் கயிறுகளை என் பொறுப்பில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள்.

அவளுக்கு இடுப்பெலும்பில் புற்றுநோய். அச்சகத்தில் இருபத்திரண்டு வருடம் பிழை திருத்தியவள். புற்றுநோய் டாக்டர் நல்ல மனிதர். இனி நோயைத் துரத்த முடியாது, வலியை வேண்டுமானால் வாசலோடு நிறுத்தலாம் என்றார். அதற்கு ஒரு மாத்திரை எழுதினார். காலை எட்டுக்கு ஒன்று, மாலை எட்டுக்கு ஒன்று.

"இது மெதுவா கரையிற மாத்திரை. பன்னெண்டு மணி நேரத்துக்கான மருந்து உள்ள இருக்கு. முழுசா முழுங்கணும். உடைச்சாலோ, பொடிச்சாலோ, மென்னாலோ எல்லாம் ஒரேயடியா இறங்கிடும். மூச்சு நின்னுபோகலாம். புரிஞ்சுதா?" என்றார்.

புரிந்தது. அவர் சொல்ல அரை நிமிடம் ஆனது. இதையேதான் வலி நிவாரணப் பாதுகாப்புப் பிரிவு எனக்கு நான்கு நாளில் சொல்லிக்கொடுத்தது. சீட்டை எழுதுவது டாக்டர் என்றாலும் மாத்திரையைக் கொடுப்பது அந்தப் பிரிவுதான். பெரியாஸ்பத்திரியின் பின்பக்கம், சலவைக் கூடத்துக்குப் பக்கத்தில் அவர்களுக்குத் தனிக் கட்டடம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் பயந்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. என்னோடு வேலை பார்க்கிறவரின் அண்ணன் முதுகுவலிக்கு என்று இதே மாத்திரையை ஆரம்பித்து, பொடித்துப் போட்டுக்கொள்ளப் பழகி, ஒரு நாள் குளியலறையிலேயே போய்ச் சேர்ந்தார். கேட்டவருக்கெல்லாம் எழுதிக்கொடுத்த டாக்டர்களும் இருந்தார்கள். அதனால் பாதுகாப்பு வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். என் பிழைப்பே பாதுகாப்புதான். ஆனால் கயிறு அறுந்தால் லிஃப்டைப் பிடித்துக்கொள்வதற்குத்தான் எங்கள் வேலையில் பாதுகாப்பு என்று பெயர். லிஃப்டைத் தரைத்தளத்தில் பூட்டிவைத்துவிட்டு, விபத்தே இல்லை என்று போர்டு மாட்டுவதற்கு அல்ல.

தேர்வில் பத்துக் கேள்விகள். ஒன்பதாவது கேள்வி எனக்கு மறக்கவில்லை. 'மாத்திரையைக் கையில் எடுக்கும்போது உங்கள் மனதில் எழ வேண்டியது: அ) மரியாதை, ஆ) பயம், இ) மரியாதை கலந்த பயம்.' நான் இ என்று எழுதினேன். பக்கத்து நாற்காலிக்காரர் ஆ என்று எழுதிவிட்டு மறுபடி நான்கு நாள் உட்கார்ந்தார். அவருடைய மாமியார் வலியோடு வீட்டில் இருந்தார்.

பிறகு ஒப்பந்தம். முப்பத்தொரு விதிகள். கையெழுத்துப் போட வேண்டியவள் என் மனைவி. அவள் கையில் எதையாவது படிக்கக் கொடுத்தால் சிவப்புப் பேனாவைத் தேடுவாள், அது தொழில் புத்தி. ஒன்பதாம் விதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள், பதினான்காம் விதியைச் சுற்றி இன்னொரு வட்டம். இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்துக் கேள்விக்குறி வைத்தாள்.

"தாங்க முடியாத வலி இருந்தாத்தான் மருந்தாம். வலியால மனசு கலங்கியிருந்தா கையெழுத்து செல்லாதாம். அப்ப எப்பங்க கையெழுத்துப் போடறது?" என்று கேட்டாள்.

ஒப்பந்தம் சேதப்படுத்தப்பட்டிருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். புதுப் பிரதி வர ஐந்து நாள் ஆனது. அந்த ஐந்து நாளும் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். புதுப் பிரதியில் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். அவள் படிக்காமல் கையெழுத்துப் போட்டதை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.

மாத்திரையை வீட்டில் வைக்க இரும்புப் பெட்டி கொடுத்தார்கள். இரண்டு பூட்டு. ஒரு சாவி என்னிடம். இன்னொன்று அந்த வீட்டில் வசிக்காத பொறுப்பான ஒருவரிடம் இருக்க வேண்டும் என்பது விதி. என் மச்சான், அதாவது அவள் தம்பி, பொறுப்பானவன். பஸ் ஓட்டுகிறான். காலை எட்டு மணிக்கும் ஓட்டுகிறான், மாலை எட்டு மணிக்கும் ஓட்டுகிறான்.

ஆகவே தினமும் இரண்டு முறை எங்கள் தெருமுனையில் ஒரு பஸ் நிற்கும். மச்சான் குதித்து இறங்கி, மூன்று மாடி ஓடி ஏறி, பெட்டியைத் திறந்து கொடுத்துவிட்டு ஓடுவான். முதல் வாரம் பயணிகள் சத்தம் போட்டார்கள். இரண்டாம் வாரம் காரணம் தெரிந்துவிட்டது. மூன்றாம் வாரத்திலிருந்து, மச்சானோடு கீழே இறங்கி வரும் என்னிடம் பஸ் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கேட்க ஆரம்பித்தார்கள். "அக்கா ராத்திரி தூங்கினாங்களா?" என்பார் ஒருவர். எனக்கு அவர் யாரென்றே தெரியாது. தூங்கினாள் என்று சொல்வேன். உண்மையிலேயே தூங்கினாள். அந்த இரண்டு மாதமும் அவள் எழுந்து உட்கார்ந்தாள், செய்தித்தாளில் பிழை கண்டுபிடித்தாள், என்னைத் திட்டினாள். மாத்திரை அதன் வேலையை ஒழுங்காகச் செய்தது.

மாதம் ஒருமுறை காலி அட்டைகளைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அங்கே மாத்திரை எண்ணுவதற்கென்றே ஒரு அம்மா இருந்தார். முன்பு வார்டில் நர்ஸாக இருந்தவர். முகத்தில் சிரிப்போ எரிச்சலோ எதையும் காட்ட மாட்டார். அவருக்கும் என்னைப் போலவே மரத்துப்போயிருக்க வேண்டும். அட்டைகளை எண்ணி முடித்ததும் கேட்பார்: "வலி பூஜ்யத்துலேர்ந்து பத்து வரைக்கும் எவ்வளவு?"

முதல் மாதம் நான் மகிழ்ச்சியாக, "ரெண்டுதாங்க, நல்லா இருக்கா," என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டார். குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டுன்னு எழுதினா மருந்து தேவையில்லைன்னு நிறுத்திடுவாங்க. எட்டுன்னு எழுதினா மருந்து வேலை செய்யலைன்னு நிறுத்திடுவாங்க. அஞ்சுன்னு எழுதிக்கவா?"

அன்றிலிருந்து அவளுக்கு அரசாங்கக் கணக்குப்படி வலி ஐந்து. வரிசையில் நின்ற எல்லோருக்கும் ஐந்துதான்.

மூன்றாம் மாதம் பாதுகாப்புக் கூட்டம். பராமரிப்பவர்கள் கட்டாயம் வர வேண்டும். பாதுகாப்பு அதிகாரி மேடையில் பேசினார். தங்க ஃபிரேம் கண்ணாடி, மெதுவான குரல், கோபமே வராத மனிதர்.

"போன வருஷம் தொள்ளாயிரம் பேர் விண்ணப்பிச்சாங்க. அதுல அறுநூறு பேருக்கு நாம எதுவும் கொடுக்கல. அந்த அறுநூறு பேர்ல ஒருத்தருக்குக்கூட மாத்திரையால ஒரு பாதிப்பும் இல்ல. நூத்துக்கு நூறு. இப்படி ஒரு முடிவை எந்த மருந்தாவது கொடுத்திருக்கா? மிச்சம் இருக்கிற முன்னூறு பேர்தான் நமக்குக் கவலை."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வருகைப் பதிவேட்டில் 'கைதட்டினார் / தட்டவில்லை' என்று கட்டம் இருக்குமோ என்ற சந்தேகம்தான் காரணம்.

முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து, "வலியிலேயே கிடந்து செத்தா அது பாதிப்பு இல்லைங்களா?" என்று கேட்டார்.

"நல்ல கேள்வி," என்றார் அதிகாரி. "வலியால யாரும் செத்ததா நம்ம பதிவுல இல்ல. அதுக்குப் படிவத்துல கட்டமே கிடையாது. கட்டம் இல்லாததை நாம எப்படி நடந்ததுன்னு சொல்ல முடியும்? வலிங்கறது நோயாளியோட சொந்த விஷயம். பாதுகாப்பு நம்ம எல்லாரோட விஷயம்."

பிறகு அந்த ஆண்டைப் பாதுகாப்பு ஆண்டாக அறிவித்தார். அதன் முதல் திட்டம், எல்லோருக்கும் அளவைப் பாதியாகக் குறைப்பது. யாருக்கு எவ்வளவு தேவை என்று பார்த்துக் குறைப்பது பாரபட்சமாகிவிடும் என்பதால், எல்லோருக்கும் ஒரே நாளில், ஒரே மாதிரி.

அடுத்த முறை எண்ணுகிற அம்மா எனக்கு அட்டைகளைத் தரவில்லை. ஒரு கண்ணாடிக் குப்பியைத் தந்தார். உள்ளே உடைந்த மாத்திரைத் துண்டுகள். அந்தப் பிரிவின் கிடங்கில் ஒரே ஒரு அளவு மாத்திரைதான் உண்டு. அதற்குப் பாதி அளவில் ஒரு மாத்திரையை வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வெட்டிவிட்டார்கள். சிலது முக்கால் துண்டாக இருந்தது, சிலது கால். அடியில் கொஞ்சம் தூள்.

அம்மாவின் தலைக்கு மேல் சுவரில் ஆளுயர அறிவிப்பு இருந்தது. உடைக்காதீர், பொடிக்காதீர், மெல்லாதீர். நான் அதைப் பார்த்தேன். குப்பியைப் பார்த்தேன். அந்த அம்மாவும் இரண்டையும் பார்த்துவிட்டு, "ரெண்டுமே எங்க ஆபீஸ் ஆர்டர்தான். உள்ள போய்க் கேளுங்க," என்றார்.

உள்ளே போனேன்.

"சார், உடைக்கக் கூடாதுன்னு எனக்குப் பாஸ் போட்டிருக்கீங்க," என்றேன்.

"கண்டிப்பா. நீங்க உடைக்கவே கூடாது. அதனாலதான் நாங்களே உடைச்சுத் தர்றோம். பயிற்சி பெற்ற ஆள், கையுறை, சுத்தமான பிளேடு. வீட்டுக் கத்தியால வெட்டறதும் இதுவும் ஒண்ணா?"

"யார் வெட்டினாங்கன்னு மாத்திரைக்குத் தெரியுமா சார்?"

நான் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை அவர்களிடம் ஏதாவது முறை இருக்கலாம் என்று நினைத்தேன். அவரும் கோபப்படவில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"சந்தேகத்துக்குத் தனி விண்ணப்பம் இருக்கு. பூர்த்தி பண்ணிக் கொடுங்க. இருபத்தோரு வேலை நாள்ல பதில் வரும்."

புற்றுநோய் டாக்டரிடம் ஓடினேன். குப்பியைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். "இதைக் கொடுக்காதீங்க. இதை ஒரு டாக்டரா சொல்றேன்," என்றார். மாற்றாக எழுதித் தரும்படி கேட்டேன். அவர் வெறும் மேஜையைக் காட்டினார். பதினோரு நோயாளிகளுக்கு இதே மாத்திரையை எழுதியதற்காக அவருடைய சீட்டுப் புத்தகத்தை அந்தப் பிரிவு விசாரணைக்கு எடுத்துப் போயிருந்தது. அந்தப் பதினோரு பேருக்கும் புற்றுநோய் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதற்கும் ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டு நாள் ஒன்றும் கொடுக்காமல் இருந்து பார்த்தோம். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. திடீரென்று நிறுத்தியதில் வலியோடு வியர்வையும் வாந்தியும் நடுக்கமும் சேர்ந்துகொண்டன. மூன்றாம் நாள் காலை மச்சான் சாவியோடு வந்து நின்றபோது அவள், "கொடுங்க," என்றாள்.

"டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்காரும்மா."

"அவருக்கு வலிக்கல. கொடுத்துட்டுப் பக்கத்துல உக்காந்து என் மூச்சை எண்ணுங்க. குறைஞ்சா எழுப்புங்க. நீங்கதான் பாஸ் பண்ணின ஆளாச்சே."

கொடுத்தேன். டாக்டர் சொன்னது அப்படியே நடந்தது. ஒரு மணி நேரத்தில் அவள் கண் செருகிவிட்டது. நிமிடத்துக்குப் பதினாறு என்று இருந்த மூச்சு, பத்து ஆனது, எட்டு ஆனது. தோளைப் பிடித்து உலுக்கினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். எழுந்தாள், மறுபடி அமிழ்ந்தாள். பதினோரு மணிக்கு மேல் தெளிந்தாள். ஒரு மணிக்கு மருந்து சுத்தமாகத் தீர்ந்துவிட்டது. மாலை எட்டு வரை ஏழு மணி நேரம் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். எட்டு மணிக்கு பஸ் வந்தது. மறுபடி முதலிலிருந்து.

நான் வேலைக்குப் போவதை நிறுத்தி, மூச்சு எண்ணினேன். அந்த நாட்களில் எனக்குக் கோபம் வந்ததாக ஞாபகம் இல்லை. அழுகையும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்டபின் உதடு இருக்குமே, ஆள் மொத்தமும் அப்படி இருந்தேன்.

மாத முடிவில் எண்ணுகிற அம்மா வலி எவ்வளவு என்று கேட்டார்.

"காலையிலயா, மத்தியானமா?" என்றேன். "காலையில பூஜ்யம். கூப்பிட்டாக்கூட எழுந்திருக்கறதில்ல. மத்தியானத்துக்கு மேல பத்து."

அதிகாரி அந்தப் பக்கமாக வந்தவர், காதில் வாங்கிக்கொண்டார். "பூஜ்யமும் பத்தும் சேர்ந்தா பத்து. ரெண்டால வகுத்தா அஞ்சு. முழு மாத்திரையிலயும் அஞ்சு, அரை மாத்திரையிலயும் அஞ்சு. பாத்தீங்களா? பாதி மருந்து வீண்தான்னு இப்ப நிரூபணமாயிடுச்சு," என்றார். அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம் இருந்தது. திட்டத்தின் வெற்றிக்கு என் மனைவியை உதாரணமாகக் காட்டப் போவதாகவும், மேலிடத்துக்கு அனுப்ப அவளை நேரில் அழைத்துவர வேண்டும் என்றும் சொன்னார். வரும் திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு. வராவிட்டால் பெயர் நீக்கப்படும்.

ஆம்புலன்சில் கொண்டுபோனோம். மச்சான் விடுப்புப் போட்டுவிட்டு வந்தான். அன்று காலை குப்பியிலிருந்து வந்தது பெரிய துண்டு. அதில் நான் தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லை. வரிசைப்படி எடுக்க வேண்டும் என்று விதி.

கூடத்தில் ஸ்ட்ரெச்சரை வைத்தார்கள். மேலிடத்துக்கு அனுப்ப ஒரு போட்டோக்காரரை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவள் அசையாமல், முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் படுத்திருந்தாள். போட்டோக்காரர் இரண்டு பக்கமும் நின்று படம் எடுத்தார். அதிகாரி கூடியிருந்தவர்களைப் பார்த்து, "முப்பது நாளா அரை மாத்திரை. எவ்வளவு நிம்மதியா இருக்காங்க பாருங்க," என்றார்.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு. ஆறு. உலுக்கினேன். எழவில்லை. உதடு நீலம் பாரித்தது. ஐந்து.

எண்ணுகிற அம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். ஒரு பார்வை பார்த்தார். "மருந்து அதிகமாயிடுச்சு. மாத்து ஊசி போடணும், இப்பவே," என்றார். இந்த மருந்தால் மூச்சு குறைந்தால் அதைத் திருப்பிக் கொண்டுவர ஓர் ஊசி இருக்கிறது. அது அந்தக் கூடத்திலேயே, சுவரில், கண்ணாடி வைத்த இரும்பு அலமாரியில் இருந்தது. இரண்டு பூட்டு. ஒரு சாவி அதிகாரியிடம். இன்னொன்று அந்த அலுவலகத்தில் வேலை செய்யாத பொறுப்பான நபரிடம். அவர் வேறு ஊரில் பாதுகாப்பு மாநாட்டுக்குப் போயிருந்தார்.

"தந்தி மாதிரி ஏதாவது அனுப்பலாம்," என்றார் அதிகாரி. முதல்முறையாக அவர் குரல் சற்று வேகமாகியிருந்தது.

என் இடுப்புப் பையில் பெரிய ஸ்க்ரூடிரைவர் இருந்தது. அது எப்போதும் இருக்கும். நான் பூட்டைத் தொடவில்லை. பூட்டு உறுதியானது, நேரம் பிடிக்கும். கதவின் கீல்களில் ஆறு திருகுகள். மச்சான் கதவைத் தாங்கிப் பிடித்தான், ஆறையும் கழற்றினேன். கதவு தனியே வந்துவிட்டது. இரண்டு பூட்டும் கடைசிவரை பூட்டியபடியேதான் இருந்தன.

அந்த அம்மா ஊசி போட்டார். நான்கு. நான்கு. அப்புறம் ஆறு. அப்புறம் ஒன்பது. அவள் கண்ணைத் திறந்தாள்.

அந்த ஊசி மூச்சைக் கொடுக்கும்போது வலி மருந்தை முழுதாகத் துடைத்து எடுத்துவிடுகிறது. அவள் கத்தினாள். அந்தக் கட்டடத்தில் அதுவரை யாரும் அப்படிக் கத்தியதில்லை, ஏனென்றால் அங்கே வலி என்பது எப்போதும் காகிதத்தில்தான் வந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். போட்டோக்காரர் கேமராவை மூடிக்கொண்டு வெளியே போனார். டோக்கன் கூப்பிடுகிறவர் அடுத்த எண்ணைக் கூப்பிட மறந்துவிட்டார்.

"ஒரு மணி நேரத்துல ஊசி தணிஞ்சிடும். அப்ப மறுபடி மூச்சு குறையலாம். நான் கூடவே இருக்கேன்," என்று என்னிடம் சொல்லிவிட்டு அந்த அம்மா தரையில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதிகாரி ஒரு தடித்த பதிவேட்டோடு வந்து குனிந்தார். தினசரி சம்பவப் பதிவேடு. 'இன்று சம்பவம் எதுவும் இல்லை' என்ற வரிக்குக் கீழே அன்றைக்கு வந்த நோயாளி ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். நானூற்று அறுபது நாளாக அந்த வரி மாறவில்லை. ஐந்நூறு நாள் ஆனால் விருது.

"அம்மா, ஒரு சின்ன கையெழுத்து," என்றார் மெதுவாக. "இதுல வேற ஏதாவது எழுதினா பிரிவையே மூடிடுவாங்க. முன்னூறு பேருக்கும் மாத்திரை நின்னுடும். நீங்கதான் யோசிக்கணும்."

அவள் வரியைப் படித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டாம் முறையும் படித்தாள்.

"முழு மாத்திரை," என்றாள்.

"என்னம்மா?"

"உடைக்காத மாத்திரை. அட்டையோட. எனக்கு எத்தனை நாள் மிச்சமோ அத்தனை நாளைக்கும். கையில வந்ததும் போடறேன்."

அவர் யோசித்தார். அவரால் வழி கண்டுபிடிக்க முடியாது என்று நான் நினைத்தேன். தப்பு. இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். அரை மாத்திரைத் திட்டப்படி, கிடங்கில் இன்னும் வெட்டப்படாமல் இருக்கிற மாத்திரைகள் எல்லாம் விதிக்குப் பொருந்தாத, குறையுள்ள இருப்பு. குறையுள்ள இருப்பை அப்புறப்படுத்த அவருக்கே அதிகாரம் உண்டு. இருநூறு மாத்திரைகளை அப்புறப்படுத்தி என் பையில் போட்டார்.

அவள் கையெழுத்துப் போட்டாள். அலமாரிக் கதவை நான் திரும்ப மாட்டிக் கொடுத்தேன். ஆறு திருகும் சரியாகப் பொருந்தின.

அதற்குப் பிறகு அவள் முப்பத்தேழு நாள் இருந்தாள். புற்றுநோய் டாக்டர் வீட்டுக்கே வந்து, எப்போது மறுபடி ஆரம்பிப்பது, எப்படிக் கவனிப்பது என்று சொல்லிக்கொடுத்தார். காலை எட்டு, மாலை எட்டு. முழு மாத்திரை, ஒரு வாய் தண்ணீர். மூச்சு குறையவில்லை, கம்பியைப் பிடிக்கவில்லை. பஸ் வந்தது, போனது. ஒருநாள் மத்தியானம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இருபத்திரண்டு வருஷத்துல தெரிஞ்சே நான் விட்ட பிழை அது ஒண்ணுதாங்க."

அவள் கையெழுத்துப் போட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதுதான் உண்மை. மற்ற முன்னூறு பேர் என் நினைவிலேயே இல்லை. ஒரு வியாழக்கிழமை மத்தியானம், தூக்கத்தில், வலி இல்லாமல் போனாள்.

மிச்ச மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். எண்ணுகிற அம்மா அங்கே இல்லை. வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். அந்த இடத்தில் இருந்த ஒரு இயந்திரம் என் மாத்திரைகளை எண்ணி உள்ளே இழுத்துக்கொண்டது. ஐந்நூறு நாள் விருது கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு படம். என் மனைவி. கண் மூடி, சுளிப்பில்லாமல். கீழே 'அரை மாத்திரை, முழு நிம்மதி' என்று எழுதியிருந்தது.

அதைப் பார்த்தபோதும் எனக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வெட்கம் வந்தது. அது நிறைய வந்தது. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்தில் ஒருவர் கண்ணாடிக் குப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். சட்டையில் சுண்ணாம்புத் தெறிப்பு. பெயிண்டராக இருக்க வேண்டும்.

"எங்கம்மாவுக்கு," என்றார் என்னிடம். "மூணு நாளா ஒரே அலறல். இதைக் கொடுக்கலாமா வேண்டாமான்னு பயமா இருக்கு. ஆனா படத்துல இந்தம்மாவைப் பாருங்க, நல்லாத்தானே தூங்கறாங்க?"

"அது என் வீட்டுக்காரி," என்றேன். "அந்தப் படம் எடுத்தப்ப அவளுக்கு மூச்சு நிமிஷத்துக்கு ஆறு. அவ தூங்கல. போயிட்டிருந்தா."

அவர் குப்பியைக் கீழே வைத்தார். என்னையே பார்த்தார்.

"அப்ப நான் என்னங்க செய்யறது? முழு மாத்திரை எப்படிங்க வாங்கறது?"

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். விண்ணப்பங்களைப் பற்றி அவருக்குச் சொல்லவில்லை, அவரே அவற்றைப் பார்த்திருப்பார். எந்த நேரத்துக்குக் கொடுக்க வேண்டும், எத்தனை மணிக்கு இங்கே கொண்டுவந்து கிடத்த வேண்டும், மூச்சு எத்தனை ஆகும்வரை சத்தம் போடக் கூடாது, அந்த அம்மா ஊசியை எங்கே, எப்படிப் போட்டார், பதிவேடு வந்தால் என்ன கேட்க வேண்டும் என்று நிதானமாகச் சொன்னேன்.

"ஊசி அந்த அலமாரியில இருக்கு. பூட்டோட மல்லுக்கட்டாதீங்க. கீல்ல ஆறு திருகு, நான்தான் மாட்டினேன், இறுக்கமா இருக்கும். பெரிய ஸ்க்ரூடிரைவரா கொண்டு வாங்க."

அவர் டோக்கனின் பின்பக்கம் எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக்கொண்டார். பேனா நான்தான் கொடுத்தேன்.